வீட்டில் உப்புநீர்ப் பவளத் தொட்டி: தண்ணீர் தொடங்கி முதல் பவளம் வரை

உப்புநீர்த் தொட்டியைக் கைவிட்டவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். கடையில் ஜோடி கிளவுன் மீனைப் பார்த்திருப்பார்கள், அன்றைக்கே தொட்டியும் வாங்கியிருப்பார்கள், அந்த வாரமே மீனை விட்டிருப்பார்கள். தண்ணீரைப் பற்றி யோசித்தது மீன் செத்த பிறகு. இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. தண்ணீர், வெப்பம், கரண்ட் மூன்றும் உங்கள் கைக்குள் வரும்வரை உயிருள்ள எதையும் வாங்காதீர்கள்.

கணக்கு எல்லாம் 60×45×45 செ.மீ. கண்ணாடித் தொட்டிக்குப் போட்டது. பின்பக்கம் தடுப்பு வைத்து வடிகட்டி அறைகள் பிரித்த வகை. மணலும் கல்லும் போக ஏறக்குறைய 95 முதல் 100 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஊர், சென்னை போன்ற கடலோர ஊர். முதல் பவளம் உள்ளே போக மூன்று மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

1. எதை வளர்க்கலாம், எதைத் தொடக் கூடாது

இந்தியாவில் இதுதான் முதல் படி. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல் பவளங்கள் எல்லாமே இருக்கின்றன. கருப்புப் பவளம், தீப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டையும் அதில் உண்டு. புலிக்கும் அதே அட்டவணைதான். தண்டனை மூன்று ஆண்டு சிறையிலிருந்து தொடங்குகிறது. வெளிநாட்டு வீடியோக்களில் வரும் அக்ரோபோரா, மான்டிபோரா, ஹாமர், டார்ச், மூளைப் பவளம் அத்தனையும் கல் பவளங்கள். "இம்போர்ட் சார்" என்று கடைக்காரர் சொல்வது ஆவணம் ஆகாது.

லைவ் ராக் என்ற பெயரில் வரும் முருகைக்கல்லும் இந்தச் சிக்கலில்தான் சேரும். அது செத்த பவளத்தின் எலும்புக்கூடு. மன்னார் வளைகுடாவிலிருந்து யாரோ கொண்டுவந்து தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆக, இது காளான் பவளம், ஜோயாந்திட், லெதர், ஜீனியா போன்ற மென்பவளங்களுக்கான தொட்டி. இவற்றையும் வளர்ப்பில் வெட்டிப் பெருக்கிய துண்டுகளாகவே, பில்லோடு வாங்குங்கள். புதியவருக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை. கல் பவளத்துக்குக் கால்சியம், ஆல்கலினிட்டி (தண்ணீரில் உள்ள கார்பனேட்டின் அளவு) என்று தினமும் அளந்து ஊற்ற வேண்டியிருக்கும். மென்பவளத்துக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினாலே பெரும்பாலும் போதும்.

2. அளவும் இடமும்

சிறிய தொட்டி சுலபம் என்று நினைப்பது தவறு. கோடையில் விசிறி ஓடும்போது இந்த அளவுத் தொட்டியிலிருந்து நாளைக்கு 2 முதல் 4 லிட்டர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது. 100 லிட்டரில் 2 லிட்டர் போனால் உப்பளவு ஆயிரத்துக்கு 35-இலிருந்து 35.7 ஆகும். 25 லிட்டர் குட்டித் தொட்டியில் ஒன்றரை லிட்டர் போனாலே 37-ஐத் தாண்டிவிடும். 80 லிட்டருக்குக் கீழே தொடங்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

தண்ணீர், கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்த்து 150 கிலோவுக்கு மேல் வரும். ஸ்டாண்ட் எடை தனி. டிவி ஸ்டாண்ட், புத்தக அலமாரி மேல் வைக்கக் கூடாது. இரும்புச் சட்டம் என்றால் எபாக்சி பெயின்ட் அடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் உப்பு பட்டுத் துருப்பிடிக்கும். ஸ்பிரிட் லெவல் வைத்து நான்கு பக்கமும் மட்டம் பாருங்கள். அடியில் தெர்மோகோல் அல்லது யோகா மேட் போட்டால், தளத்தின் சிறு மேடுபள்ளம் கண்ணாடியின் ஒரே புள்ளியில் அழுத்தாது.

ஜன்னல் வெயில் படாத சுவர், பிளக் பாயின்ட் அருகில், வாளி தூக்கி நடக்க வழியுள்ள இடம். எப்போதும் மூடியே கிடக்கும் ஏசி படுக்கையறையைத் தவிர்க்கலாம். ஆட்கள் விடும் கரியமில வாயு அறையிலேயே தங்கி, தண்ணீரின் பி.எச். 7.8-க்குக் கீழே இறங்கும். வேறு இடமே இல்லையென்றால் தினமும் சில மணி நேரமாவது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

3. தண்ணீர்: வீட்டு ஆர்.ஓ. ஏன் போதாது

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. "எங்க வீட்ல ஆர்.ஓ. இருக்கே" என்பார்கள். வீட்டு சுத்திகரிப்பானில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் என்று ஒரு சின்ன வால்வு இருக்கும். மெம்பரேன் வழியாக வந்த தண்ணீரோடு, மெம்பரேனுக்குப் போகாத தண்ணீரையும் கொஞ்சம் கலந்துவிடுவது அதன் வேலை. குடிக்க ருசியாக இருக்க வேண்டுமே! சிலவற்றில் மினரல் கார்ட்ரிட்ஜும் உண்டு. குழாயில் வரும்போது 60, 100 என்று டி.டி.எஸ். காட்டும். நமக்கு வேண்டியது 0. 20 லிட்டர் குடிநீர் கேனும் இதே கதைதான்.

அந்த 60-இல் என்ன இருக்கிறது என்று மீட்டர் சொல்லாது. நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட், சில நேரம் செம்பு. தினமும் ஆவியாகும் நீருக்கு ஈடாக இதை ஊற்ற ஊற்ற, எல்லாம் தொட்டியிலேயே சேரும். நாலைந்து மாதம் கழித்துப் பாசி பிடித்தே தீரும். காரணத்தை அப்போது விளக்கிலும் மீன் தீனியிலும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

செய்ய வேண்டியது: செடிமென்ட் ஃபில்டர், கார்பன் பிளாக், 75 அல்லது 100 ஜி.பி.டி. (நாளைக்கு இத்தனை கேலன்) மெம்பரேன், கடைசியில் மிச்ச உப்பையும் உறிஞ்சும் டி.ஐ. ரெசின் குடுவை, இந்த வரிசையில் ஒரு யூனிட். கார்பன் முன்னால் வருவதற்குக் காரணம் உண்டு. குழாய் நீரின் குளோரின் மெம்பரேனை அரித்துவிடும். வீட்டு ஆர்.ஓ.வையே பயன்படுத்துவதென்றால், மெம்பரேனிலிருந்து வெளிவரும் குழாயில், கன்ட்ரோலர் வால்வுக்கும் மினரல் கார்ட்ரிட்ஜுக்கும் முன்பாகவே ஒரு டி இணைப்பு போட்டு, அங்கிருந்து டி.ஐ. குடுவைக்கு எடுங்கள்.

மெம்பரேன் 95 முதல் 98 சதவீதம் உப்பைத் தடுக்கும். மெட்ரோ வாட்டர் 300 என்றால் வெளியே 6 முதல் 15 வரும். ரெசின் பல மாதம் தாங்கும். போர் தண்ணீர் 1500 என்றால் வெளியே 30 முதல் 75. அதை ரெசினே உறிஞ்ச வேண்டும், சீக்கிரம் தீர்ந்துபோகும். போர் தண்ணீர் வீட்டுக்காரர்கள் மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீரைப் பிடித்து ஓட்டுவது மலிவு.

யூனிட்டை ஆன் செய்தவுடன் வரும் முதல் இரண்டு மூன்று நிமிடத் தண்ணீரைக் கீழே விடுங்கள். நின்ற நேரத்தில் மெம்பரேனின் இருபுறமும் உப்பு சமமாகியிருக்கும். கழிவுநீர் மூன்று மடங்கு வரும், அது வீடு துடைக்க ஆகும். முதல் நிரப்புதலுக்கு 120 லிட்டர், அதன் பிறகு வாரம் 30 லிட்டர் அளவில் தேவைப்படும்.

பீச் பக்கத்தில் இருப்பவர்கள் கடல் தண்ணீரையே பிடித்துவரலாமா என்று கேட்பார்கள். சென்னைக் கரையில் கூவமும் அடையாறும் கலக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் கரையோரத்தில் உப்பளவு சரசரவென இறங்கும். புதியவருக்கு ஒத்துவராது.

4. வெக்கையும் கரண்ட் கட்டும்

தண்ணீர் 25 முதல் 27 டிகிரியில் நிற்க வேண்டும். பல நாள் 30-க்கு மேல் போனால் பவளத் திசுவுக்குள் வாழும் பாசி வெளியேறும், பவளம் வெளுக்கும். சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும். அறை 32 டிகிரி என்றால், பம்பும் விளக்கும் சேர்ந்து தொட்டியை அதற்கும் மேலே கொண்டுபோகும்.

தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்றடிக்கும் சின்ன கிளிப் விசிறி 2 முதல் 3 டிகிரி குறைக்கும். ஆவியாதல்தான் அதன் வித்தை. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வித்தை பலிக்காது. கோயம்புத்தூரில் அழகாக வேலை செய்யும் அதே விசிறி சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் 28, 29-இலேயே நின்றுவிடும். ஆகவே கடலோரத்தில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்கும் பணத்தை முதல் நாளே ஒதுக்குங்கள். நல்ல காற்றோட்டம் இருந்தால் இந்த அளவுக்கு 1/10 எச்.பி. போதும். சில்லரை ஸ்டாண்டின் மூடிய அலமாரிக்குள் வைப்பது வழக்கமான பிழை. அது வெளிவிடும் சூட்டை அதுவே உள்ளிழுத்து நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

ஹீட்டர் சென்னைக்கு அவ்வளவாகத் தேவையில்லை. மார்கழி இரவுகளுக்கு 50 வாட் போதும். பெரிய ஹீட்டர் என்றைக்காவது ஆன் நிலையிலேயே சிக்கிக்கொண்டால் தொட்டியை வேகவைத்துவிடும், சின்னதால் அது முடியாது. ஊட்டி, கொடைக்கானலில் கணக்கு வேறு, அங்கே 100 முதல் 150 வாட் வேண்டும்.

கரண்ட் போனால் முதலில் தீர்வது குளிர்ச்சி அல்ல, ஆக்சிஜன். எனவே இன்வெர்ட்டரில் ரிட்டர்ன் பம்பையும் (வடிகட்டிய நீரைத் தொட்டிக்குத் திருப்புவது) வேவ்மேக்கரையும் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்குவது) மட்டும் இணையுங்கள். இரண்டும் சேர்ந்து 25 முதல் 30 வாட்தான் இழுக்கும். விளக்கும் சில்லரும் நின்றாலும் சில மணி நேரம் பரவாயில்லை. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பம்புகள் இரைந்து சூடாகும். சைன் வேவ்தான் வேண்டும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் கையில் இருக்கட்டும். புயல் நாட்களில் இன்வெர்ட்டரும் தீர்ந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

வயரிங்கில் விளையாட வேண்டாம். உப்புநீர் கரண்டை நன்றாகக் கடத்தும். தொட்டிக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா, எர்த் சரியா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகும் முன் ஒரு முறை கீழே தொங்கி மேலேற வேண்டும். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

5. தொட்டியைப் பூட்டும் வரிசை

கடையில் செய்துவாங்கிய தொட்டி என்றால் சிலிகான் காய ஒரு வாரம் விடுங்கள். வினிகர் வாடை போகும்வரை தண்ணீர் வேண்டாம். பிறகு நிரந்தர ஸ்டாண்டிலேயே வைத்து, குழாய்த் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் கசிவு பாருங்கள். ஓரங்களில் செய்தித்தாள் விரித்து வைத்தால் ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது கல், அதற்குப் பிறகுதான் மணல். கல் நேரே அடிக் கண்ணாடியில் உட்கார வேண்டும். மணல் மேல் அடுக்கினால், குழி தோண்டும் கோபி மீனும் இறாலும் அடியைச் சுரண்டிக் கல்லைச் சரித்துவிடும். பவளத் தொட்டிக்கென்று பீங்கானிலோ சிமென்டிலோ செய்த செயற்கைக் கல் 9 முதல் 10 கிலோ போதும். சிமென்ட் கல் என்றால் நன்னீரில் போட்டு, வாரக்கணக்கில் தண்ணீர் மாற்றி, பி.எச். 8.5-க்குக் கீழே வந்த பிறகே பயன்படுத்துங்கள்.

சுவர்போல அடுக்காதீர்கள். கல்லுக்கும் கண்ணாடிக்கும் இடையே 8 செ.மீ. விட்டால்தான் காந்தத் துடைப்பான் போகும், நீரும் சுற்றிவரும். சேரும் இடங்களில் சூப்பர் குளூ ஜெல்லும் எபாக்சி புட்டியும் வைத்து ஒட்டி, கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் இன்றைக்கே சரிசெய்யுங்கள், பவளம் ஒட்டிய பிறகு முடியாது.

மணல், அரகோனைட் என்ற சுண்ணாம்பு வகை, 8 முதல் 10 கிலோ. இரண்டரை செ.மீ. உயரத்துக்கு வரும். பாலாறு மணலோ பீச் மணலோ கூடாது. பால்போல வரும் தூசி அடங்கும்வரை வாளியில் அலசுங்கள், கடைசி அலசல் மட்டும் டி.ஐ. தண்ணீரில்.

பின்னறையில் முதலில் பஞ்சு, பிறகு கார்பன் பை, இடம் இருந்தால் சின்ன ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவி), கடைசி அறையில் மணிக்கு 800 முதல் 1000 லிட்டர் ரிட்டர்ன் பம்ப். நீர் மட்டம் ஏறி இறங்குவது அந்தக் கடைசி அறையில்தான். ஆகவே தானாக நீர் நிரப்பும் கருவியின் சென்சாரும் அங்கேதான். வேவ்மேக்கர் மணிக்கு 2000 முதல் 3000 லிட்டர், மேற்பரப்பு அலையும்படி சற்று மேல்நோக்கி. மேற்பரப்பு அசைந்தால்தான் ஆக்சிஜன் உள்ளே வரும், கரியமில வாயு வெளியே போகும்.

6. உப்புக் கலவை

சமையல் உப்பு, கல் உப்பு எதுவும் உதவாது. அவை ஏறக்குறைய முழுக்கச் சோடியம் குளோரைடுதான். மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், கார்பனேட் எல்லாம் கலந்த பவளத்தொட்டி உப்பு வேண்டும். லிட்டருக்கு 37 கிராம் அளவில் போகும், முதல் நிரப்புதலுக்கு நாலு கிலோ பிடிக்கும்.

50 லிட்டர் உணவுத்தர டிரம்மில் டி.ஐ. தண்ணீரை முதலில் ஊற்றி, உள்ளே ஒரு பம்பை ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அப்படிச் செய்தால் அடியில் செறிவு எகிறி, கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றுசேர்ந்து வெள்ளைப் படிவமாக இறங்கிவிடும். அது மறுபடி கரையாது. லிட்டருக்கு 35 கிராமில் நிறுத்தி, ஓர் இரவு ஓடவிட்டு அளந்து, தேவையானதை மறுநாள் சேருங்கள். குறி: 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அடர்த்தி எண்ணில் சொன்னால் 1.026.

அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பளவைக் காட்டும் கருவி) வேண்டும். மிதக்கும் ஹைட்ரோமீட்டரில் ஒரு சின்னக் குமிழி ஒட்டினாலே கணக்கு தப்பும். கருவியின் மூடியைத் தூக்கி, நீலக் கண்ணாடியில் மூன்று சொட்டு விட்டு, குமிழி சிக்காமல் மூடுங்கள். அரை நிமிடம் பொறுங்கள், சொட்டின் சூடும் கண்ணாடியின் சூடும் ஒன்றாகட்டும். பிறகு வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் மேலே நீலமும் கீழே வெள்ளையும் சேரும் கோடு எண்ணைக் காட்டும்.

வெறும் டி.ஐ. நீரில் பூஜ்யம் வைத்துவிட்டு நம்புவதுதான் இங்கே வழக்கமான பிழை. பூஜ்யத்தில் சரியாக நிற்கும் கருவி 35-இல் இரண்டு மூன்று புள்ளி தவறலாம். 35 பி.பி.டி. திட்டக் கரைசல் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் தூய, அயோடின் சேராத சோடியம் குளோரைடு 36.5 கிராமை 963.5 கிராம் டி.ஐ. நீரில் கரையுங்கள். கடல்நீர் 35-க்கு ஒளி எவ்வளவு வளையுமோ அதே அளவு இதற்கும் வளையும். கருவியைத் திருகி 35-இல் நிறுத்துங்கள்.

ஆவியானதற்கு ஈடாக ஊற்றுவது எப்போதும் உப்பில்லாத டி.ஐ. நீர் மட்டுமே. உப்பு போகவில்லை, தண்ணீர்தான் போனது. இதை மாற்றிச் செய்து, ஒரு மாதத்தில் 40-ஐத் தொட்ட தொட்டிகள் ஏராளம்.

7. சைக்கிளிங்: மீனில்லாத வாரங்கள்

மீன் கழிவு அம்மோனியாவாகிறது. ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். புதுத் தொட்டியில் இவை கிடையாது, இவற்றை வளர்த்தெடுப்பதுதான் சைக்கிளிங். உப்புநீரின் பி.எச். அதிகம் என்பதால் அம்மோனியா நன்னீரைவிட இங்கே கூடுதல் நஞ்சு.

மீனை வைத்துச் சைக்கிள் செய்யாதீர்கள். செத்த இறாலைப் போடும் பழைய முறை வேலை செய்யும்தான், ஆனால் வீடு நாறும், அளவும் தெரியாது. தூய அம்மோனியம் குளோரைடு 0.6 கிராமைக் கரைத்து ஊற்றினால் 100 லிட்டரில் ஏறக்குறைய 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா வரும். கூடவே புட்டிப் பாக்டீரியா சேர்த்தால் நாள் குறையும். காலாவதித் தேதியைப் பாருங்கள், வெயிலில் காய்ந்த புட்டியில் உயிர் இருக்காது.

இந்த நாட்களில் விளக்கு வேண்டாம், பாசிக்குத்தான் தீனி. பம்புகள் ஓடட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அம்மோனியா பாருங்கள். 2 பி.பி.எம். ஊற்றியது ஒரே நாளில் பூஜ்யமானால், அதுவும் அடுத்தடுத்து இருமுறை ஆனால், சைக்கிள் முடிந்தது. மூன்று முதல் ஆறு வாரம். நைட்ரைட் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் பதற வேண்டாம், கடல்நீரின் குளோரைடு அதை மீனின் உடலுக்குள் எளிதில் விடாது. ஆனால் நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் சோதனை பொய்யாக உயர்ந்து காட்டும். முடிந்ததும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

இதே காலத்தில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் பின்னறையில் போட்டு வையுங்கள். ஒன்பதாவது படிக்கு அது வேண்டும்.

8. அசிங்கமான பருவம்

விளக்கைப் போட்ட ஓரிரு வாரத்தில் மணலில் பழுப்புத் தூள் படியும். டயாட்டம் என்ற நுண்பாசி அது. பிறகு பச்சை முடிப்பாசி, சிலருக்குச் சிவப்பு வழவழப்பு. இரண்டு மூன்று மாதம் இப்படித்தான் இருக்கும், மருந்து ஊற்றினால் நீளும். விளக்கு நாளைக்கு 8 மணி நேரம், 30 முதல் 40 சதவீத அளவில் தொடங்கட்டும். கையால் பிடுங்கி, தண்ணீர் மாற்றும்போது உறிஞ்சி எடுங்கள். டயாட்டம் மாதக்கணக்கில் போகவே இல்லையென்றால் டி.ஐ. ரெசினைச் சந்தேகப்படுங்கள், சிலிகேட் அங்கிருந்துதான் வரும்.

பாசியைப் பார்த்துப் பயந்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யமாக்குவது அதைவிடப் பெரிய தவறு. எல்லாப் பாசியும் பட்டினி கிடக்கும் அந்த வெற்றிடத்தில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் பரவும். குமிழி சிக்கிய பழுப்புச் சளி இழைகளாகத் தெரியும், நத்தைகளைக் கொல்லும். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். வரை இருக்கட்டும்.

பாசி வந்த பிறகே பாசி தின்பவை. செரித் நத்தை எட்டு, மணலுக்கு நசாரியஸ் நாலு, சின்னத் துறவி நண்டு மூன்று. அதிகம் போட்டால் தீனியின்றிச் செத்து, அதுவே பாசிக்கு உரம் ஆகும். துறவி நண்டுக்குக் காலி ஓடுகள் நாலைந்து போடுங்கள், இல்லாவிட்டால் நத்தையைக் கொன்று ஓட்டைப் பிடுங்கிக்கொள்ளும்.

9. மீன்: தனிமைத் தொட்டி வழியாக

இந்த அளவுக்கு மூன்று அல்லது நாலு சின்ன மீன். வளர்ப்பில் பிறந்த ஆசெலாரிஸ் கிளவுன் ஜோடி, ஒன்று பெரிது, மற்றது சிறிது. பெரியது பெண்ணாகும், சண்டை வராது. அதன்பின் ஒரு கோபி, ஒரு ஃபயர்ஃபிஷ். ஃபயர்ஃபிஷ் துள்ளி வெளியே விழும், மேலே வலை மூடி கட்டாயம். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கிளவுன் மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்திருக்கின்றன, நாட்டிலேயே வளர்த்த மீன் கிடைக்காத பொருள் அல்ல. சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் வாங்கும்போதும் வளர்ப்பா, கடலில் பிடித்ததா என்று கேட்டு, கண்முன் தீனி போடச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கக் கூடாதவை: ப்ளூ டாங் (ஆறடித் தொட்டி வேண்டும்), மாண்டரின் (நுண்ணிய காப்பிபாட் உயிர்கள் தீர்ந்ததும் பட்டினியில் சாகும்), வண்ணத்துப்பூச்சி மீன் (பவளத்தைக் கொத்தும்), டாம்செல் (மற்றவற்றை வாழவிடாது). அனிமோன் (கடலில் கிளவுன் மீன் ஒளிந்து வாழும் கடல் சாமந்தி) ஓராண்டுக்குப் பிறகு யோசிக்க வேண்டியது. கிளவுனுக்கு அது இல்லாமலும் வாழ முடியும்.

புது மீன் நேராகப் பெரிய தொட்டிக்குப் போகக் கூடாது. கடல் வெண்புள்ளி நோய் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், மீனையெல்லாம் வெளியே எடுத்துத் தொட்டியை இரண்டரை மாதம் வரை மீனில்லாமல் போட்டுவைப்பதே வழி. அதற்கு நம்பகமான மருந்து செம்பு. அது பவளத்தையும் நத்தையையும் கொல்லும், பெரிய தொட்டியில் ஊற்றவே முடியாது. ஆகவே 40 லிட்டர் வெற்றுத் தொட்டி, உள்ளே இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டு, சைக்கிளிங்கில் ஊறிய அந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர். முப்பது நாள். மூச்சு வேகம், உடம்பில் உப்புத்தூள் போன்ற புள்ளி, வெள்ளைச் சளி, தின்கிறதா என்று தினமும் பாருங்கள்.

பல கடைகளில் நோயை அடக்க உப்பைக் குறைத்து, 1.018 அளவில் வைத்திருப்பார்கள். பையின் தண்ணீரை அளந்து, தனிமைத் தொட்டியையும் அதே அளவில் வைத்து, ஒரு வாரத்தில் மெல்ல 1.026-க்குக் கொண்டுபோங்கள். பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு மீனை மட்டும் எடுங்கள். கூரியரில் வந்த மீனுக்கு, தொட்டித் தண்ணீரைப் பைக்குள் மணிக்கணக்கில் சொட்டுச்சொட்டாக விடும் முறை வேண்டாம். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறும், அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா நஞ்சாகும்.

ஒரு முறையில் ஒரு வகை மீன், இடையே முப்பது நாள். பாக்டீரியா கூடிய சுமைக்கு ஏற்பப் பெருக நேரம் வேண்டும். உறைந்த மைசிஸ் (குட்டி இறால் போன்ற தீனி) கொடுத்தால் டம்ளரில் கரைத்து, சாற்றை வடிகட்டிக் கொட்டிவிட்டுப் போடுங்கள், அந்தச் சாற்றில் பாஸ்பேட் உண்டு.

10. முதல் பவளங்கள்

மூன்றாம் மாதம் வாக்கில், பாசி அடங்கி, உப்பும் வெப்பமும் இரண்டு வாரமாக ஒரே இடத்தில் நின்றால் தொடங்குங்கள். ஆல்கலினிட்டி 8 முதல் 9 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு), கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம்., மக்னீசியம் 1250 முதல் 1350 பி.பி.எம்.

முதலில் காளான் பவளம், கீழே, குறைந்த வெளிச்சத்தில். ஒரு மாதம் நன்றாக விரிந்திருந்தால் ஜோயாந்திட், நடு உயரத்தில். பிறகு டோட்ஸ்டூல் லெதர். லெதர் அவ்வப்போது சில நாள் சுருங்கி, மெழுகுபோல் தோலுரிக்கும். செத்ததென்று எடுத்துப் போடாதீர்கள். ஜீனியாவையும் பச்சை நட்சத்திரப் பாலிப்பையும் தனிக் கல்லில் வையுங்கள். முக்கியக் கல்லில் ஏறினால் எல்லாவற்றையும் மூடிவிடும்.

எந்தத் துண்டையும் உள்ளே விடும் முன் பவள மருந்துக் கரைசலில் முக்கி, அது ஒட்டியிருக்கும் அடிக்கட்டையை வெட்டியெறிந்து புதுக் கட்டையில் ஒட்டுங்கள். அய்ப்டேசியா என்ற களை அனிமோனும் பூச்சி முட்டைகளும் கட்டையில்தான் வரும். புதுப் பவளத்தைக் கீழே வைத்து, இரண்டு வாரத்தில் மேலேற்றுங்கள். கடையின் வெளிச்சமும் உங்கள் வெளிச்சமும் ஒன்றல்ல.

ஜோயாந்திட் விஷயத்தில் கவனம். சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவோ கொதிக்கவைக்கவோ கூடாது, ஆவியை மூச்சில் இழுத்தே குடும்பங்கள் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் உண்டு. குழந்தைகள் தொட்டிக்குள் கைவிடாமல் பாருங்கள்.

11. வாராந்திர வேலை

தினமும் வெப்பமும் நீர் மட்டமும் பார்க்க ஒரு நிமிடம். மூன்று நாளுக்கு ஒருமுறை பஞ்சை மாற்றுங்கள், அழுக்குப் பஞ்சு நைட்ரேட் கிடங்கு. வாரம் ஒருமுறை 10 லிட்டர் தண்ணீர் மாற்றம். புதுத் தண்ணீர் முந்தைய நாளே கலந்து, அதே உப்பு, அதே வெப்பத்தில் இருக்க வேண்டும். அப்போதே ஆல்கலினிட்டி, நைட்ரேட், பாஸ்பேட் மூன்றையும் பார்த்துத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். ஒற்றை எண்ணைவிட மூன்று வார ஏற்ற இறக்கம்தான் பயன்படும். மாதம் ஒருமுறை பம்புகளை வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துச் சுண்ணப் படிவைத் தேயுங்கள், கார்பனை மாற்றுங்கள்.

ஏதாவது தப்பாகத் தெரிந்தால் முதலில் உப்பு, வெப்பம், அம்மோனியா பாருங்கள். ஒரே நாளில் இரண்டு விஷயத்தை மாற்றாதீர்கள், எது தீர்த்தது என்று தெரியாமல் போகும். கொசுவத்தி, எறும்பு மருந்து, ரூம் ஸ்பிரே தொட்டி இருக்கும் அறையில் வேண்டாம். பூச்சியைக் கொல்லும் மருந்து இறாலையும் நண்டையும் கொல்லும். தொட்டியைக் கலைக்க நேர்ந்தால் மீனையோ பவளத்தையோ கடலில் கொண்டுபோய் விடக் கூடாது, வெளியிலிருந்து வந்த இனமும் நோயும் அங்கே பரவும். கடையில் திருப்பிக் கொடுங்கள்.

நாலு நாளுக்கு மேல் ஊருக்குப் போவதென்றால், டி.ஐ. நீர் கேனை நிரப்பி, பஞ்சை மாற்றிவிட்டு, கிளம்பும் முந்தைய நாள் தண்ணீரை மாற்றாமல் மூன்று நாள் முன்பே மாற்றிவிடுங்கள், ஏதாவது தவறியிருந்தால் நீங்கள் இருக்கும்போதே தெரியும். பக்கத்து வீட்டுக்காரரிடம் தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை என்று மாத்திரைப் பெட்டியில் கிழமைவாரியாகப் போட்டுக் கொடுங்கள், மீதியை ஒளித்து வைத்துவிடுங்கள்.